இரண்டாம் இடத்துக்குக் கொடுத்த விலை: ரயான் லீஃப் விவகாரம்

1998 செப்டம்பர் 20, கன்சாஸ் சிட்டி, நல்ல மழை. சான் டியேகோ சார்ஜர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் புது குவாட்டர்பேக் ரயான் லீஃப் அன்று 15 முறை பந்தை எறிந்தார். தன் அணிக்காரர் கையில் போய்ச் சேர்ந்தது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றிலும் அணி முன்னேறியது 4 கெஜம். இரண்டு பந்துகளை எதிரணி காற்றிலேயே பறித்துக்கொண்டது. மூன்று முறை கையிலிருந்த பந்தை நழுவவிட்டு எதிரணியிடம் இழந்தார். ஆட்டம் 23-7 என்று போனது.

மறுநாள் உடை மாற்றும் அறையில், கேள்வி கேட்க வந்த உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவர் மீது அவர் கத்தினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அந்தச் சில நொடிகளைத் தேய்ந்துபோகும் வரை போட்டன. இன்றைக்கும் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) வரலாற்றின் மோசமான தேர்வுகள் என்று யாராவது பட்டியல் போட்டால் முதல் இரண்டு மூன்று இடத்துக்குள் லீஃப் பெயர் வந்துவிடும். இப்படிப்பட்டவர்களை அங்கே 'பஸ்ட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். வெடித்துப்போன பலூன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியல்களில் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லாமே வீரரைப் பற்றிப் பேசுகின்றன: திமிர், சோம்பல், கத்தல். வாங்கியவரைப் பற்றிப் பேசுவது குறைவு. லீஃப் விவகாரத்தை நான் படித்த அளவில், ஆளைத் தப்பாகக் கணித்தது பாதிக் கதைதான். கணிப்பு தப்பினால் என்ன செய்வது என்பதற்கு அணி தன்னிடம் எதையுமே மிச்சம் வைத்துக்கொள்ளாததுதான் மீதிக் கதை, பெரிய கதையும்கூட.

வரிசையில் நிற்பதே பணம்

இந்த ஆட்டத்தோடு பழக்கம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. குவாட்டர்பேக் என்பவர் தாக்குதலின் மூளை. ஏறக்குறைய ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். நல்ல குவாட்டர்பேக் இல்லாத அணி, மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் தடுமாறும்.

கல்லூரி வீரர்கள் என்எஃப்எல்லுக்குள் வரும் வாசல் டிராஃப்ட். ஐபிஎல் ஏலத்தில் யாரிடம் பணம் இருக்கிறதோ அவர் கையைத் தூக்கலாம். இங்கே அப்படி இல்லை. முந்தைய சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு, அதற்கு முந்தைய இடத்தில் இருந்த அணிக்கு இரண்டாவது என்று வரிசை போகும். 7 சுற்றுகள். வரிசையில் உள்ள இடம்தான் இங்கே பணம். அந்த இடத்தை விற்கலாம், வாங்கலாம், அடுத்த வருட இடத்தை அடமானம்கூட வைக்கலாம்.

1998இல் முதல் இடம் இண்டியனாபொலிஸ் கோல்ட்ஸிடம், இரண்டாவது அரிசோனா கார்டினல்ஸிடம், மூன்றாவது சார்ஜர்ஸிடம் இருந்தது. அந்த வருடம் எல்லோர் வாயிலும் இரண்டே பெயர்கள்: டென்னசி பல்கலைக்கழகத்தின் பெய்ட்டன் மானிங், வாஷிங்டன் ஸ்டேட்டின் ரயான் லீஃப்.

இன்று திரும்பிப் பார்க்கும்போது இந்த இருவரையும் ஒரே தட்டில் வைத்ததே வேடிக்கையாகத் தெரியும். அன்று அப்படி இல்லை. மொன்டானாவின் கிரேட் ஃபால்ஸ் ஊர்ப் பையனான லீஃப், 1997 சீசனில் 34 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது) எறிந்து, 67 வருடமாக ரோஸ் பவுல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தின் பக்கமே எட்டிப் பார்க்காத ஒரு கல்லூரியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். மிச்சிகனிடம் 21-16 என்று தோற்றார்கள். கடைசி எறிதலுக்கு வாய்ப்பு வருமுன் நேரம் முடிந்துவிட்டது. சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் சார்ல்ஸ் உட்ஸன், மானிங் இருவருக்கும் அடுத்து மூன்றாம் இடம். ஆறடி ஐந்தங்குலம், பீரங்கி மாதிரிக் கை. மானிங் பக்குவப்பட்டவர், லீஃப் இன்னும் வளரக்கூடியவர் என்று வாதாடிய விவரமான ஆட்கள் நிறையவே இருந்தார்கள்.

எச்சரிக்கை மணி அடிக்காமல் இல்லை. டிராஃப்டுக்கு முன் நடக்கும் பரிசோதனை முகாமுக்கு லீஃப் சுமார் 118 கிலோ எடையோடு வந்தார். கோல்ட்ஸ் அணியோடு குறித்திருந்த சந்திப்புக்கு வரவில்லை. வேண்டுமென்றே தவிர்த்தாரா, குழப்பமா என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உலவுகின்றன. மானிங்கோ தாளும் பேனாவுமாக வந்து, தன்னை நேர்காணல் செய்ய வந்தவர்களையே கேள்வி கேட்டுக் குடைந்தார் என்று கோல்ட்ஸ் பொது மேலாளர் பில் போலியன் பிற்பாடு சொல்லியிருக்கிறார். கோல்ட்ஸ் மானிங்கை எடுத்தது.

கணக்குப் புத்தகம்

இப்போது சார்ஜர்ஸ் பக்கம் வருவோம். 1997 சீசனில் 4 வெற்றி, 12 தோல்வி. பல வருடங்களாக அணியைத் தாங்கிய ஸ்டான் ஹம்ஃப்ரீஸ் தலையில் பட்ட அடிகளால் ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு குவாட்டர்பேக் கட்டாயம் வேண்டும். முதல் இரண்டு இடங்களில் ஒன்று இருந்தால் மானிங் அல்லது லீஃப் நிச்சயம். ஆனால் கையில் இருப்பது மூன்றாவது இடம்.

எனவே ஒரே ஒரு படி மேலே ஏற, பொது மேலாளர் பாபி பெத்தர்ட் அரிசோனாவுக்குக் கொடுத்தது இது: தன் மூன்றாவது இடம், அதே வருடத்தின் இரண்டாம் சுற்றுத் தேர்வு (அது மொத்த வரிசையில் 33ஆவது), 1999இன் முதல் சுற்றுத் தேர்வு, கூடவே எரிக் மெட்காஃப், பேட்ரிக் சாப் என்று இரண்டு வீரர்கள்.

இது அதிகமா, நியாயமா என்று அளக்க ஒரு தராசு உண்டு. டல்லஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளராக ஜிம்மி ஜான்சன் இருந்த காலத்தில், 1990களின் தொடக்கத்தில், ஒவ்வொரு தேர்வுக்கும் புள்ளி போட்டு ஓர் அட்டவணை தயாரித்தார்கள்; பிறகு லீக் முழுக்க அதையே ரெடி ரெக்கனர் மாதிரி வைத்துக்கொண்டது. அதில் இரண்டாவது இடத்துக்கு 2600, மூன்றாவதுக்கு 2200. வித்தியாசம் 400 புள்ளி. 33ஆவது தேர்வின் மதிப்பு மட்டுமே 580. அதாவது இரண்டாம் சுற்றுத் தேர்வை மட்டும் கொடுத்திருந்தாலே அரிசோனாவுக்கு லாபம். அதற்கு மேல் போன முதல் சுற்றுத் தேர்வும் இரண்டு ஆட்களும் முழுக்க முழுக்கப் பயத்துக்குக் கொடுத்த விலை.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். அரிசோனாவுக்கு அப்போது குவாட்டர்பேக் தேவையே இல்லை. முந்தைய வருடம்தான் ஜேக் பிளம்மரை எடுத்திருந்தார்கள். அரிசோனா அசையாமல் இருந்திருந்தால் இருவரில் ஒருவர் மூன்றாம் இடத்துக்குத் தானாகவே இறங்கி வந்திருப்பார். வேறு ஏதாவது அணி நடுவில் புகுந்து இரண்டாவது இடத்தை வாங்கிவிடுமோ என்பதுதான் பயம். பயம் பொய் என்று சொல்லமாட்டேன், குவாட்டர்பேக் விஷயத்தில் அப்படி நடப்பதுண்டு. ஆனால் விற்பவருக்கு அந்தப் பயம் நன்றாகத் தெரிந்திருந்தது.

பெத்தர்ட் சாதாரண ஆள் அல்ல. வாஷிங்டன் அணியைக் கட்டி இரண்டு சூப்பர் பவுல் (லீக்கின் இறுதி ஆட்டம்) வெல்ல வைத்தவர், சார்ஜர்ஸையும் 1994 சீசனில் சூப்பர் பவுல் வரை கூட்டிப் போனவர். முதல் சுற்றுத் தேர்வுகளை விற்றுத் தின்பதில் பேர் போனவரும் அவரே. பிந்தைய சுற்றுகளில் யாரும் கவனிக்காத ஆட்களைக் கண்டெடுக்கும் கண் அவருக்கு இருந்ததால் வாஷிங்டனில் அது பலித்தது. சான் டியேகோவில் அதே 1998 டிராஃப்டில், இரண்டாம் சுற்றில் மைக்கேல் ரிக்ஸ் என்ற பந்து பிடிப்பவரை எடுப்பதற்காக 2000ஆம் வருடத்து முதல் சுற்றுத் தேர்வையும் தாரை வார்த்தார். ஆக 1999இலும் 2000இலும் சார்ஜர்ஸுக்கு முதல் சுற்றே கிடையாது. லீஃபைச் சுற்றி நல்ல தடுப்பாளர்களையும் பந்து பிடிப்பவர்களையும் நிறுத்த வேண்டிய அதே இரண்டு வருடங்கள்.

ஒப்பந்தம் 3 கோடியே 12.5 லட்சம் டாலர் வரை போனது. அதில் கையெழுத்துப் போட்டதற்கான தொகை மட்டும் 1 கோடியே 12.5 லட்சம். லீஃபுக்கு வயது 21, 22ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். தேர்வான கையோடு அணி உரிமையாளர் அலெக்ஸ் ஸ்பானோஸின் விமானத்தில் லாஸ் வேகஸுக்குக் கொண்டாடப் போனார். பிறகு, புது வீரர்களுக்கு லீக் நடத்திய வகுப்பின் கடைசி நாளுக்கு மட்டம் போட்டு 10,000 டாலர் அபராதம் கட்டினார்.

முதல் ஆட்டத்திலிருந்தே

இவ்வளவு கொடுத்து வாங்கியவரை உட்கார வைத்துப் பழக்க யாருக்கு மனசு வரும்? லீஃப் முதல் ஆட்டத்திலேயே களமிறக்கப்பட்டார். பஃபலோவை 16-14, டென்னசியை 13-7 என்று அணி வென்றது. இரண்டிலும் ஜெயித்துக் கொடுத்தது தற்காப்புதான் என்பது ஸ்கோரைப் பார்த்தாலே தெரியும். ஜூனியர் செயாவ், ரோட்னி ஹாரிசன் இருந்த அந்தத் தற்காப்பு, எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்த கெஜக் கணக்கில் அந்த வருடம் லீக்கிலேயே மிகக் குறைவு. அப்படிப்பட்ட தற்காப்பை வைத்துக்கொண்டு 5-11 (5 வெற்றி, 11 தோல்வி) என்று சீசனை முடிப்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

மூன்றாவது ஆட்டம் கன்சாஸ் சிட்டி. அதை மேலே பார்த்தோம். நான்காவதில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் நான்கு இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி பறித்துக்கொண்ட எறிதல்கள். ஆறு ஆட்டம் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் கெவின் கில்பிரைடின் சீட்டுக் கிழிந்தது. தற்காலிகமாக ஜூன் ஜோன்ஸ் வந்தார். லீஃப் பெஞ்சுக்குப் போனார். சீசன் முடிவில் அவர் கணக்கில் 2 டச்டவுன், 15 இன்டர்செப்ஷன், எறிந்ததில் போய்ச் சேர்ந்தது 45 சதவீதம். அடுத்த வருடம் மூன்றாவது தலைமைப் பயிற்சியாளராக மைக் ரைலி.

அதே வருடம் மானிங் எப்படி ஆடினார் என்று பலருக்கு நினைவிருக்காது. 28 இன்டர்செப்ஷன், புது வீரர் ஒருவர் ஒரே சீசனில் எறிந்ததில் அதுதான் சாதனை. கோல்ட்ஸ் 3-13, சார்ஜர்ஸைவிட மோசம். ஆனால் மானிங் 26 டச்டவுனும் எறிந்தார். பந்து பிடிக்க மார்வின் ஹாரிசனும், பந்தோடு ஓட மார்ஷல் ஃபாக்கும் பக்கத்தில் இருந்தார்கள். தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக அந்த வருடம் வந்த டாம் மூரோடு பத்து வருடத்துக்கு மேல் சேர்ந்து வேலை செய்தார். 1999இல் கோல்ட்ஸ் 13-3. இரண்டு பேருமே முதல் வருடம் அடி வாங்கினார்கள். ஒருவர் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டார், இன்னொருவர் அவமானமாக எடுத்துக்கொண்டார். இதில் லீஃபின் பொறுப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் பாடமாக எடுத்துக்கொள்ள ஒரு வகுப்பறை இருந்ததும் மானிங்குக்குத்தான்.

லீஃபின் 1999 பயிற்சி முகாமிலேயே முடிந்தது. தோளில் காயம், அறுவை சிகிச்சை, வருடம் முழுக்க ஆட்டம் இல்லை. பெத்தர்டோடு சண்டை போட்டதற்கு நான்கு வாரம் சம்பளமில்லாத இடைநீக்கம். காயப் பட்டியலில் இருந்தபோதே பூங்காவில் நண்பர்களோடு அமெரிக்கக் கால்பந்து ஆடும் வீடியோ வேறு வெளியானது. லீஃப் இல்லாத சார்ஜர்ஸ், வயதான குவாட்டர்பேக்குகளை வைத்து ஒப்பேற்றி 8-8 என்று முடித்தது. அதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

2000இல் பெத்தர்ட் ஓய்வு பெற்றார். லீஃப் திரும்பி வந்து 11 டச்டவுன், 18 இன்டர்செப்ஷன். அணி 1-15. அந்த ஒரே வெற்றி நவம்பர் கடைசியில் 17-16 என்று வந்தது. எதிரணி அதே கன்சாஸ் சிட்டி. 2001 பிப்ரவரி 28இல் அவரை விடுவித்தார்கள். சார்ஜர்ஸுக்காக அவர் தொடங்கிய ஆட்டங்கள் 18, வென்றவை 4. பிறகு டாம்பா பே, டல்லஸ், சியாட்டில் என்று சுற்றி, 26 வயதில் ஆட்டத்தையே விட்டார். மொத்தக் கணக்கு 14 டச்டவுன், 36 இன்டர்செப்ஷன்.

அதற்குப் பிந்தைய வருடங்கள் வேறு மாதிரியான துயரம். வலி மாத்திரைகளுக்கு அடிமையானார். அதற்காகவே அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்த வழக்குகள், மொன்டானாவில் சிறை. 2014 டிசம்பரில் வெளியே வந்தவர், போதையிலிருந்து மீள்பவர்களுக்காக வேலை செய்யத் தொடங்கினார், தொலைக்காட்சியில் கல்லூரி ஆட்டங்களுக்கு வர்ணனையும் செய்தார். இதையும் 'பஸ்ட்' கணக்கில் சேர்த்துச் சிரிப்பவர்கள் உண்டு; எனக்கு அது பிடிப்பதில்லை.

அப்படியானால் அரிசோனா கெட்டிக்காரர்களா?

இல்லை. சார்ஜர்ஸிடம் வாங்கிய மூன்றாவது இடத்தில் அவர்கள் எடுத்தது ஆண்ட்ரே வாட்ஸ்வொர்த் என்ற தற்காப்பு வீரரை. முழங்கால் காயங்கள் அவரை விடவில்லை. மூன்றே சீசனில் 8 சாக் (பந்தை எறியுமுன் குவாட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்ததோடு கார்டினல்ஸ் வாழ்க்கை முடிந்தது. நான்காவது இடத்தில் ஓக்லண்ட் எடுத்த சார்ல்ஸ் உட்ஸனும், 21ஆவது இடத்தில் மினசோட்டா எடுத்த ரேண்டி மாஸும் இன்று தலைசிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். ஆக, ஆளைக் கணிப்பதில் அரிசோனாவும்தான் கோட்டை விட்டது. ஆனால் அவர்கள் கையில் 33ஆவது தேர்வும் அடுத்த வருட முதல் சுற்றும் இருந்தன. தப்பினாலும் இன்னும் இரண்டு முறை சீட்டு எடுக்கலாம்.

கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் (தேலருக்குப் பிற்பாடு நோபல் பரிசு கிடைத்தது) டிராஃப்ட் தரவுகளை அலசி 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே நிலையில் ஆடும் வீரர்களில் முதலில் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆட எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்தார்கள். விடை சுமார் 52 சதவீதம். காசைச் சுண்டுவதைவிடக் கொஞ்சம்தான் மேல். மானிங்கும் லீஃபும் மலையும் மடுவுமாக நினைவில் நிற்பதால், கவனமாகப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை நமக்கு வருகிறது. 1998இல் கோல்ட்ஸ் சரியாகப் பார்த்தது உண்மை. அதே போலியன் எடுத்த எல்லாருமே மானிங் ஆகவில்லை என்பதும் உண்மை.

அப்புறம், அந்தக் காலத்து சம்பள முறையையும் சொல்ல வேண்டும். 2011 வரை புது வீரர்களுக்குச் சம்பள வரம்பு என்று தெளிவாக ஒன்றும் இல்லை. வரிசையில் மேலே இருப்பவருக்கு, ஓர் ஆட்டம்கூட ஆடுமுன், லீக்கின் அனுபவசாலிகளைத் தாண்டிக்கூடப் பணம் போகும். 2010இல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் உத்தரவாதம். வரம்பு வந்த 2011இல் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு மொத்தமே சுமார் 2 கோடியே 20 லட்சம். தப்பான தேர்வுகள் அதற்குப் பிறகும் நடக்கின்றன. ஆனால் தப்பு செய்த அணி இரண்டு மூன்று வருடத்தில் எழுந்துவிட முடிகிறது.

சார்ஜர்ஸ் எழுந்த கதை

1-15 என்று முடித்ததால் 2001இல் முதல் தேர்வு சார்ஜர்ஸ் மடியில் விழுந்தது. புது பொது மேலாளர் ஜான் பட்லர். அந்த வருடம் எல்லோரும் பேசிய குவாட்டர்பேக் மைக்கேல் விக். குவாட்டர்பேக் இல்லாமல் தவிக்கும் அணி, கையில் முதல் இடம். மூன்று வருடத்துக்கு முந்தைய அதே காட்சி, இந்த முறை நாற்காலி மட்டும் இடம் மாறியிருந்தது. பட்லர் விற்பவர் பக்கம் உட்கார்ந்தார். முதல் இடத்தை அட்லாண்டாவுக்குக் கொடுத்து, ஐந்தாவது இடம், அந்த வருட மூன்றாம் சுற்று, அடுத்த வருட இரண்டாம் சுற்று, கூட ஒரு வீரர் என்று வாங்கிக்கொண்டார். ஐந்தாவது இடத்தில், பந்தோடு ஓடும் லடேனியன் டாம்லின்சன் வந்தார். 2006இல் ஒரே சீசனில் 31 டச்டவுன் போட்டு லீக் சாதனை படைத்தவர். இரண்டாம் சுற்றின் முதல் தேர்வில், உயரம் போதாது என்று பலர் தயங்கிய குவாட்டர்பேக் ட்ரூ பிரீஸ் வந்தார்.

பிரீஸை உடனே களத்தில் தள்ளவில்லை. 38 வயது டக் ஃப்ளூட்டியைக் கொண்டுவந்து ஆட வைத்துவிட்டு, 2001 முழுக்க பிரீஸுக்கு ஒரே ஓர் ஆட்டத்தில்தான் இடம் கொடுத்தார்கள்.

2004இல் மறுபடி முதல் தேர்வு கிடைத்தது. அவர்கள் எடுத்த பையன் சார்ஜர்ஸுக்கு ஆட மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தான். பெயர் ஈலை மானிங், பெய்ட்டனின் தம்பி. அவரை நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு மாற்றி, பதிலுக்கு ஃபிலிப் ரிவர்ஸையும் சில தேர்வுகளையும் வாங்கினார்கள். ரிவர்ஸ் இரண்டு வருடம் பிரீஸுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு சீசனிலும் சேர்த்து நான்கே ஆட்டங்களில்தான் தலை காட்டினார். 2006இல் அவர் கையில் அணியைக் கொடுத்தார்கள். அதன்பிறகு 2019 வரை ஒரு லீக் ஆட்டம்கூட விடாமல், சார்ஜர்ஸின் 224 ஆட்டங்களையும் அவரே தொடங்கினார்.